தெரிந்து வாங்குவோம்: காமிராவுக்கு ஒரு லென்ஸ்

கல்யாணம், திருவிழா என்று படம் பிடித்து நாலு காசு பார்க்கலாமென உங்கள் மகனோ மகளோ பழைய ‘புல் பிரேம்’ காமிரா ஒன்றை வாங்கியிருக்கலாம். அடுத்து லென்ஸ் வேண்டும். கூட்டுப் பணமும் கைக்கு வந்திருக்கும். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியானது; உயர்ந்த ரக ஜூம் லென்ஸின் விலையோ அதைப்போல் பல மடங்கு! ஆகவே, கடைக்குக் கிளம்புமுன் கொஞ்சம் பொறுங்கள்.

புல் பிரேம் என்பது பழைய பிலிமின் அளவுதான்: 36க்கு 24 மில்லிமீட்டர். சிறிய சென்சாருக்கான லென்ஸை மாட்டினால் மூலைகள் இருண்டுவிடும், அல்லது காமிராவே படத்தை வெட்டிவிடும். விலை மலிவென்று அதை வாங்காதீர்கள்.

அடுத்து, எப் எண். சாதாரண 28-70 லென்ஸ் 70க்கு நீட்டும்போது எப் 5.6 ஆகிவிடும். எப் 2.8 லென்ஸ் அதைவிட 4 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். அந்திநேரக் கோயில் மண்டபத்தில் இதன் அருமை புரியும். “நடுக்கம் தடுக்கும் வசதி இருக்கிறதே” என்பார் கடைக்காரர். அது எடுப்பவர் கை நடுக்கத்துக்குத்தான். தாலி கட்டும் மாப்பிள்ளையின் கை அசைந்தால் அது என்ன செய்யும்? அந்த முடிச்சை மறுபடி போடச் சொல்ல முடியுமா?

சோனி காமிராவானால், 2018இல் வந்த டாம்ரான் 28-75 எப் 2.8 லென்ஸைப் பழையதாகத் தேடுங்கள். 2021இல் இதன் இரண்டாம் பதிப்பு வந்துவிட்டதால் முதல் பதிப்பைக் கைமாற்றுபவர்கள் உண்டு. எடை 550 கிராம்தான். சிக்மா 28-70 இன்னும் இலேசு, 470 கிராம். இரண்டிலும் குறை ஒன்றுண்டு: 24க்குப் பதில் 28இல்தான் தொடங்கும். லயத்து வீட்டுக் கூடத்தில் பின்னால் நகர இடமிருக்காது. குடும்பப் படத்தை வாசலில் வைத்துக்கொள்ளலாம். அதற்காக இரண்டு மடங்கு விலை கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கேனன் டி.எஸ்.எல்.ஆர். என்றால், 2005இல் வந்த 24-105 எப் 4 போதும். நிக்கானில் 2010இல் வந்த 24-120 எப் 4. வெளிச்சம் எப் 2.8இல் பாதிதான். மிச்சப் பணத்தில் ஒரு பிளாஷ் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கேனன் லென்ஸில் துளையை இயக்கும் நாடா வயரில் பழுது வருவதுண்டு. எனவே 24இலும் 105இலும் துளையைச் சுருக்கி நாலைந்து படம் எடுத்துப் பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.

பழைய லென்ஸை டார்ச் வெளிச்சத்தில் ஊடுருவிப் பாருங்கள். சிலந்தி நூல்போல் தெரிந்தால் பூஞ்சணம். எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். நம் ஊர் ஈரத்தில் புது லென்ஸுக்கும் அது வரும். தோல் பையில் போட்டு அலமாரியில் பூட்டாமல், காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். பொட்டலங்களை அவ்வப்போது மாற்றுங்கள்.