அக்கரை முகம்

மண்டூரில் பாதை ஏறினால் குருமண்வெளித் துறை கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான். வாகனங்களையும் ஆட்களையும் மட்டக்களப்பு வாவிக்கு அக்கரை சேர்க்கும் மிதவைக்கு எங்கள் பக்கத்தில் பாதை என்றுதான் பெயர். அந்தப் பாதையில் நின்றபடியே வெளிநாட்டுப் பிள்ளையோடு வீடியோவில் கதைக்கும் தாய்மாரைப் பல தடவை பார்த்திருக்கிறேன். நடு வாவிக்கு வந்ததும் படம் தடுமாறும். நாடி ஒரு பக்கம் விலகும், கன்னத்தில் சதுரம் சதுரமாக நிறம் மாறும், பிறகு வாய் திறந்தபடி முகம் நின்றுவிடும். "மகள், உன்ட படம் நிண்டு போச்சு. குரல் கேக்குது, நீ கதை." போனை வைக்கமாட்டார்கள். நின்றுபோன முகத்தைப் பார்த்துக்கொண்டே குரலைக் கேட்டபடி கரை சேர்வார்கள்.

கட்டாரிலோ குவைத்திலோ புறப்பட்ட அந்த முகம் கடலடி இழைகளில் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் வந்தும் பெரிய சேதமில்லாமல்தான் இலங்கையில் கரையேறுகிறது. அது உடைவது பெரும்பாலும் கடைசி மூன்று நான்கு கிலோமீற்றரில், டவருக்கும் தாயின் கைக்கும் நடுவில். இந்தக் கடைசித் துண்டுக் காற்றைக் கடப்பதற்காக எழுபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக எத்தனையோ பேர் உழைத்திருக்கிறார்கள். அந்த உழைப்பின் நடுவில் ஒரு தீர்மானம் இருக்கிறது. எதைக் காப்பது, எதைக் கைவிடுவது என்ற தீர்மானம். எங்களுக்காக வேறு யாரோ எடுத்துவைத்த அந்தத் தீர்மானத்தைப் பற்றி மட்டக்களப்பில் இருந்துகொண்டு யோசிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம்.

இரைச்சலுக்குள் ஓசையைத் தேடுவது இந்த வாவிக்குப் புதிதல்ல. 1848-இல் இங்கு வந்த குடியேற்றவாத அரசின் அதிகாரி ஜேம்ஸ் எமர்சன் டெனன்ற், இரவில் தோணியில் போய் நீருக்குள்ளிருந்து எழும் மீன்பாட்டைக் கேட்டதைப் பின்னர் தன் நூலில் எழுதினார். தோணியின் மரத்தில் காதை வைத்தபோது ஓசை பெருத்தது என்ற குறிப்பும் அதில் உண்டு. எங்கள் மீனவர்கள் துடுப்பைத் தண்ணீரில் ஊன்றி அதன் மேல்நுனியில் காதை வைப்பார்கள். அலையும் காற்றும் போடும் சத்தத்தை விலக்கி, நீருக்குள் இருப்பதை மட்டும் மேலே கொண்டுவரும் கருவி அந்தத் துடுப்பு. பிற்காலத்தில் அமெரிக்க இயேசு சபைத் துறவி லாங் அடிகளார் அதே ஓசையைப் பதிவு செய்ய, இலங்கை வானொலி அதை நாடெங்கும் ஒலிபரப்பியது. அறிவியல் ஆசிரியராக இருந்த காரைதீவு மகன் சுவாமி விபுலாநந்தர் வாவியின் இசையை நீரரமகளிரின் பாட்டாகத் தம் யாழ் நூலுக்குள் கொண்டுவந்தார். நரம்பின் நீளத்தையும் சுருதியையும் எண்களால் கணக்கிட்ட அந்த நூல் அரங்கேறியது 1947-இல். அடுத்த ஆண்டே அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் குளோட் ஷனன் செய்தியையே எண்ணால் அளக்கும் கட்டுரையை வெளியிட்டார். இரண்டுக்கும் தொடர்பு எதுவும் இல்லை. ஆனாலும் அந்த இரண்டு ஆண்டுகளையும் என்னால் தனித்தனியே நினைக்க முடிவதில்லை.

ஷனன் சொன்னது அன்று யாரும் எதிர்பாராத ஒன்று. வழி எவ்வளவு இரைச்சலானதாக இருந்தாலும் அதற்கென ஒரு வேக எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் அனுப்பினால் பிழையை நாம் விரும்பும் அளவுக்குக் குறைக்கலாம் என்று அவர் நிறுவினார். எப்படிச் செய்வது என்ற வேலையை மற்றவர்களுக்கு விட்டுவிட்டார். அதே ஆய்வுகூடத்தில் ரிச்சர்ட் ஹாமிங் வார இறுதியில் கணிப்பொறியிடம் வேலையைக் கொடுத்துவிட்டுப் போவார். திங்கட்கிழமை வந்து பார்த்தால் அது ஒரு பிழையைக் கண்டு வேலையைக் கைவிட்டிருக்கும். பிழை இருப்பதைக் கண்டுபிடிக்கத் தெரிந்த பொறிக்கு அது எங்கே இருக்கிறது என்று கண்டு திருத்த ஏன் தெரியக்கூடாது என்று அவர் கேட்டுக்கொண்டார். 1950-இல் வெளிவந்த அவருடைய பிழை திருத்தும் குறிமுறை அந்தக் கேள்வியின் பிள்ளை.

வாவியை வைத்தே இதைச் சொல்லலாம். மாரிகாலத்தில் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்கு 7, 5 என்ற இரண்டு கணக்குகள் போக வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு தோணியில் போகிறது. மூன்றாவது தோணியில் 12 என்று கூட்டுத்தொகையை எழுதி அனுப்புகிறோம். எந்தத் தோணி கவிழ்ந்தாலும் மற்ற இரண்டையும் வைத்து இழந்ததை மீட்டுவிடலாம். இரண்டு தோணியின் சரக்குக்கு மூன்று தோணியின் கூலி கொடுக்கிறோம், அவ்வளவுதான். ஏர்விங் ரீடும் குஸ்தாவ் சொலமனும் 1960-இல் அமைத்த குறிமுறை இதன் மிக நுட்பமான வடிவம். ஐரோப்பிய முறை டிஜிட்டல் தொலைக்காட்சியில் 188 பைட்டுக்கு 16 பைட் கூடுதலாகச் சேர்த்து அனுப்பினார்கள். வழியில் 8 பைட் வரை கெட்டாலும் பெறும் பெட்டி தானே திருத்திக்கொள்ளும்.

ஆனால் காற்றில் பிழை ஒவ்வொன்றாக வருவதில்லை, கூட்டமாக வரும். ஒரு குடும்பத்தின் விதைநெல் முழுவதையும் ஒரே தோணியில் ஏற்றினால், அது கவிழும்போது அந்தக் குடும்பத்துக்கு அந்த வருட வேளாண்மையே இல்லை. எல்லோருடைய நெல்லையும் பிரித்து எல்லாத் தோணிகளிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால், ஒரு தோணி போனாலும் ஆளுக்குக் கொஞ்சம்தான் குறையும். அந்தக் குறையைக் கூடுதல் மூடை ஈடுசெய்துவிடும். தரவை இப்படிக் கலைத்து அடுக்கி அனுப்புவது இன்று பெரும்பாலான கம்பியில்லாத் தொடர்புகளில் நடக்கிறது. பிழை திருத்தும் கலையில் என் மனதுக்கு மிக நெருக்கமானது இதுதான்.

எண்ணுக்கும் எழுத்துக்கும் இவ்வளவு போதும். ஓடும் படத்துக்குப் போதாது. 1974-இல் நசீர் அகமது, நடராஜன், கே.ஆர். ராவ் ஆகிய மூவரும் வெளியிட்ட கொசைன் உருமாற்றம்தான் இன்றைய படச்சுருக்கத்தின் அடித்தளம். கண் அதிகம் கவனிக்காத நுண்விவரங்களை முதலில் விட்டுவிட அது வழி செய்தது. அதற்கு மேல் இன்னொரு சிக்கனமும் உண்டு. முழுப் படத்தையும் எப்போதாவது ஒரு தடவைதான் அனுப்புவார்கள். இடையில் போவது மாற்றம் மட்டும்: உதடு அசைந்தது, தலை சாய்ந்தது, சுவர் அப்படியே இருக்கிறது. இதனால் வழியில் ஒரு தரவுப் பொட்டலம் தொலைந்தால் அந்தக் கணத்தோடு கேடு முடிவதில்லை. பிழையான கன்னத்தின் மேல் அடுத்த அசைவு வரையப்படுகிறது, அதன் மேல் அதற்கடுத்தது. பாதையில் நிற்கும் தாய் காணும் இழுபட்ட முகம் இப்படிப் பிழையின் மேல் பிழை ஏறியது.

சேதம் படம் முழுவதும் பரவாமல் இருக்கப் படத்தைக் கீற்றுகளாகப் பிரித்தார்கள். வயலுக்கு வரம்பு கட்டுவது போன்றதுதான். ஒரு வட்டையில் வெள்ளம் ஏறினாலும் வரம்பு மற்றதைக் காக்கும். 2003-இல் வந்த எச்.264 முறை இந்தக் கீற்றுகளைச் சிதறலாக அடுக்கவும் முக்கியமானவற்றை இரட்டித்து அனுப்பவும் வழி வைத்தது.

கேட்டு வாங்குவது இன்னொரு வழி. வராத பொட்டலத்தைத் திரும்ப அனுப்பு என்று டவரிடம் கேட்கலாம். நான்காம் தலைமுறை வலையமைப்பில் போனுக்கும் டவருக்கும் இடையே இந்தக் கேள்வியும் பதிலும் ஏறத்தாழ 8 மில்லிசெக்கனில் முடிந்துவிடும். ஆனால் கட்டார் வரை போய்க் கேட்டு வாங்கப் பெரும்பாலும் நேரம் கிடையாது. ஒரு பக்கம் போகும் தாமதம் 150 மில்லிசெக்கனுக்குள் இருந்தால்தான் கதை இயல்பாக ஓடும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணக்கு. பிந்தி வரும் சரியான படத்தால் பயனில்லை.

இந்த இடத்தில் எனக்குப் பழைய கசெட்டுகள் நினைவுக்கு வரும். வளைகுடாவுக்குப் போன பெரியப்பா எண்பதுகளில் பேசி அனுப்பியவை. ஊர்க்காரர் யாராவது விடுமுறையில் வரும்போது கொண்டுவருவார்கள், ஒரு மாதமோ இரண்டு மாதமோ பிந்தி. ஒரு சொல்கூடக் கெட்டிருக்காது. வீட்டார் எல்லோரும் வட்டமாக இருந்து கேட்போம், திரும்ப ஓடவிட்டுக் கேட்போம். "பிள்ளைக்குக் காய்ச்சல் சுகமா?" என்று அவர் கேட்கும்போது எந்தக் காய்ச்சல் என்றே எங்களுக்கு மறந்திருக்கும். குறையில்லாமல் பிந்தி வருவது ஒன்று, குறையோடு உடனே வருவது இன்னொன்று. மனிதர் இரண்டாவதைத் தேர்ந்தார்கள், நானும்தான். அப்படியானால் எந்தக் குறையைத் தாங்கிக்கொள்ளலாம் என்பதே மிச்சமிருக்கும் கேள்வி.

வீடியோ செயலிகள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கின்றன. வழி குறுகும்போது முதலில் நுண்விவரம் போகும், பிறகு அசைவின் சீர், பிறகு படமே. குரலைக் கடைசிவரை காக்கப் பார்க்கும். பாதையில் நிற்கும் தாய்க்கு இது சரியான வரிசை. 2020-இலும் 2021-இலும் பெருந்தொற்றால் பாடசாலைகள் மூடி வகுப்புகள் வீடியோவில் நடந்தபோதோ இதே வரிசை எங்கள் பிள்ளைகளைக் கைவிட்டது. ஆசிரியரின் முகம் ஓரளவு தெரிந்தது, கரும்பலகையில் எழுதிய கணக்குத் தெரியவில்லை. வெண்கட்டியின் மெல்லிய கோடுதான் நுண்விவரம், முதலில் பலியாவது அதுதான். வகுப்புக்கு வேண்டியது நேர்மாறான வரிசை: செக்கனுக்கு ஒரு படம் போதும், எழுத்துத் தெளிவாக வேண்டும். படுவான்கரை ஆசிரியர்கள் சிலர் இதைத் தாங்களே கண்டுபிடித்தார்கள். வீடியோவை நிறுத்திவிட்டு, கையால் எழுதிய பக்கத்தைப் படமெடுத்து அனுப்பி, விளக்கத்தைக் குரல்பதிவாகப் போட்டார்கள். டவர் கிடைக்கும் நேரத்தில் இறங்கட்டும், மாணவர் ஆறுதலாகக் கேட்கட்டும் என்றார்கள். கசெட் திரும்பி வந்தது போல இருந்தது எனக்கு.

கிழிந்த இடத்தை ஒட்டுப்போட்டு மறைக்கும் கலையும் வளர்ந்துகொண்டிருக்கிறது. தொலைந்த கன்னத்தைப் பெறும் போனே முந்திய படத்திலிருந்து எடுத்து நிரப்பும். 2020-இல் கூகுள் டியோ செயலி, தொலைந்த குரல்துண்டைச் செயற்கை அறிவால் ஊகித்து நிரப்பத் தொடங்கியது. ஏறத்தாழ 120 மில்லிசெக்கன் வரைதான் நிரப்பியது, அதாவது ஓர் அசை அளவு. அதற்கு மேல் மௌனமாகிவிட்டது. அந்தக் கட்டுப்பாட்டை நான் மதிக்கிறேன். முகம் முழுவதையும் ஊகித்து வரையும் முறைகளும் ஆய்வில் இருக்கின்றன. பிள்ளை அழுதுகொண்டிருக்கும் கணத்தில் தாயின் திரையில் பொறி வரைந்த அமைதியான முகம் தெரிவதைவிட, உடைந்த சதுரங்களே தெரியட்டும் என்பேன். உடைந்த படம் தான் உடைந்திருப்பதை மறைப்பதில்லை.

இத்தனை அறிவும் ஒரு டவர் உயிரோடு இருப்பதை நம்பியே நிற்கிறது. அமைதியான வாவி ரேடியோ அலைக்குக் கண்ணாடி. நேரே வரும் அலையும் தண்ணீரில் பட்டுத் தெறித்த அலையும் ஒன்றையொன்று அழிக்கும் இடங்கள் உண்டு. நீர்ப்பரப்பைத் தாண்டும் மைக்ரோவேவ் இணைப்புகளில் ஒரே கம்பத்தில் மேலும் கீழுமாக இரண்டு அன்டெனா வைப்பது இதற்காகத்தான். ஒன்றில் அழிந்தது மற்றதில் கிடைக்கும். மழை வந்தால் சிக்னல் போகிறது என்று நாங்கள் சொல்கிறோம். போனின் அலைக்கு மழை பெரிய தடையல்ல. டவரையும் டவரையும் இணைக்கும் உயர்அதிர்வெண் மைக்ரோவேவைத்தான் கனமழை உறிஞ்சும். அதைவிடப் பெரிய காரணம் மின்சாரம். மின் போய் பெட்டரியும் தீர்ந்தால் எந்தக் குறிமுறையாலும் பயனில்லை.

1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியில் ஏறத்தாழ ஆயிரம் பேர் இறந்தார்கள், தென்னந்தோட்டங்கள் சரிந்தன, கம்பித் தொடர்பும் அறுந்தது. பிறகு வந்த போர்க்காலத்தில் படுவான்கரை ஆண்டுக்கணக்கில் மின்சாரமும் தொலைபேசியும் இல்லாமல் கிடந்தது. கல்லடியில் பழைய பாலத்துக்குப் பக்கத்திலேயே 2013-இல் இன்னொரு பாலம் கட்டினார்கள். 2014-இல் மண்முனையில் பாதைக்குப் பதிலாகப் பாலம் வந்தது. தரைக்கு இரண்டாவது வழி வேண்டும் என்பதை ஒத்துக்கொண்டுவிட்டோம். காற்றுக்கும் அதே நீதியைக் கேட்கிறேன். வாவிக்கு மேற்கே உள்ள டவர்களுக்கு, ஒன்று அறுந்தால் மற்றொன்று என்று இரண்டு இணைப்பு வேண்டும். ஒரு நாளாவது தாங்கும் மின்சேமிப்பும் வேண்டும். வருமானம் குறைந்த இடம் என்று நிறுவனங்கள் சொன்னால், அந்த இடைவெளியை நிரப்புவது அரசின் கடமை.

இன்னொன்றும் பாக்கி கிடக்கிறது. டிஜிட்டல் தொலைக்காட்சிக்கு 2014-இல் இலங்கை ஜப்பானிய முறையைத் தேர்ந்தது. அந்த முறையில் ஓர் அலைவரிசையை 13 கூறுகளாகப் பிரித்து, ஒரு கூறுக்கு மட்டும் மிகக் கூடுதலான காப்புக் கொடுக்கலாம். மற்ற 12 கூறுகளும் உடைந்துபோகும் இடத்திலும் அந்த ஒன்று சிறிய படமாகவேனும் வந்து சேரும். நிலநடுக்கமும் கடற்கோளும் பழகிய தேசத்தில் பிறந்த முறை என்பதால், உறங்கிக் கிடக்கும் பெட்டியை எழுப்பி எச்சரிக்கும் சமிக்ஞைக்கும் அதில் இடம் உண்டு. பத்தாண்டு கடந்தும் அந்த மாற்றம் இழுபட்டுக்கொண்டு இருக்கிறது.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி தினம். வாவி பாடும் என்று துடுப்பில் காது வைக்கும் நாள். சுமாத்திராவுக்கு அருகே கடலடி பிளந்து, ஆழிப்பேரலை எங்கள் கரைக்கு வந்து சேர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆனது. அந்த இரண்டு மணி நேரமும் வானொலியும் தொலைக்காட்சியும் வழமைபோல நிகழ்ச்சிகளை அனுப்பிக்கொண்டிருந்தன. கல்லடியிலும் நாவலடியிலும் டச்பாரிலும் சனங்கள் விடுமுறைக் காலைக்கு எழும்பிக்கொண்டிருந்தார்கள்.