ரயில் பிள்ளைக்கு, நடை அம்மாவுக்கு!

"பையனுக்கு ரயில் பைத்தியம், எனக்கோ பிரசவத்துக்கப்புறம் நாலு எட்டு நடக்க நேரமில்லை" என்று லண்டனுக்கு வாழப்போன சகோதரிகள் பலர் அலுத்துக்கொள்கிறார்கள். இரண்டையும் ஒரே நாளில் முடித்துக்கொள்ளலாமே!

ஓடும் ரயிலின் எண்ணை நோட்டில் குறித்துக்கொள்வது அந்த நாட்டின் பழைய பொழுதுபோக்கு. இயன் ஆலன் என்பவர் 1942-ல் எஞ்சின் எண்களைத் தொகுத்துப் புத்தகமே போட்டார். உங்கள் பிள்ளைக்கு ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் போதும்.

காலையில் செயின்ட் பாங்க்ராஸ் நிலையத்துக்குப் போங்கள். 2007 முதல் பாரிஸ் ரயில்கள் இங்கிருந்துதான் புறப்படுகின்றன. மேல்தளத்தில் கண்ணாடித் தடுப்புக்கு இப்பால் நின்று ஆசைதீரப் பார்க்கட்டும்.

பிறகு நிலையத்தின் பின்பக்கம் கொஞ்ச தூரம் நடந்தால் ரீஜண்ட்ஸ் கால்வாய். 1820-ல் கட்டி முடித்தது. படகுகளை இழுத்த குதிரைகளுக்காகப் போட்ட கரைப்பாதை, அதனால் பெரிய ஏற்ற இறக்கம் கிடையாது. மேற்கே காம்டன் வரை ஏறக்குறைய 2 கிலோமீட்டர். வழியில் தலைக்கு மேலே பாலத்தில் ரயில் கடகடவென்று ஓடும். "எத்தனை போச்சு, எண்ணு" என்றால், "தூக்கிக்கோ" என்ற பேச்சே வராது!

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். பெரும்பாலான இடங்களில் தண்ணீர் ஓரம் தடுப்பே இல்லை. சைக்கிள்களும் வரும். பிள்ளையைச் சுவர்ப்பக்கம் விட்டு, கையை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆபரேஷன் பிரசவமானால், டாக்டரைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

மிளகாய்ப்பொடி தடவிய நாலு இட்லி, தண்ணீர், மழைக்கோட்டு போதும். களைத்தால் காம்டனில் பஸ் ஏறிவிடலாம்.

பிள்ளையின் ஆசைக்காக உங்கள் உடம்பை ஏன் மறக்க வேண்டும்?