சிறுகடைக்காரரின் சாக்கு

சுற்றுச்சூழல் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் சிறு வணிகர்களிடமிருந்து ஒரு விடை தவறாமல் வருகிறது. "காட்டை வெட்டியவன் எவனோ, ஆற்றைக் கெடுத்தவன் எவனோ, ஒற்றைக் கதவுக் கடை வைத்திருப்பவனிடம் வந்து ஏன் உபதேசம்?" என்பதே அந்த விடை. இதில் நியாயமே இல்லை என்று எவரும் கூறமாட்டார். 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற நேர்ந்தது. 111 பள்ளிகள் மூடப்பட்டன. அதைச் செய்தவர் மளிகைக் கடைக்காரர் அல்லர். ஆயினும் அரை நியாயத்தை வைத்துக்கொண்டு முழுக் கடமையையும் தட்டிக்கழிப்பது வணிகருக்கு அழகன்று; இலாபமுமன்று.

ஜொகூர் மாநிலத்தின் சிகாமட் மாவட்டத்தில் உள்ள பெக்கோக்கை இதற்குச் சான்றாகக் காட்டலாம். சுற்றிலும் செம்பனையும் இரப்பரும். நடுவே ஓர் இரயில் நிலையமும் சில கடை வரிசைகளும். ஊர் சிறிதுதான். ஆனால் எண்டாவ் ரொம்பின் காட்டின் செலாய் நுழைவாயிலுக்குச் செல்வோர் இவ்வூர் வழியாகத்தான் செல்லவேண்டும். சுங்கை பந்தாங் நீர்வீழ்ச்சிக்குக் குளிக்க வருவோரும் இங்கேதான் சோற்றுப் பொட்டலமும் பானமும் வாங்குகின்றனர். 1977இல் எண்டாவ் ரொம்பினின் பகாங் பகுதியில் மரம் வெட்ட உரிமம் கொடுக்கப்பட்டபோது நாடு முழுவதும் எதிர்ப்புக் குரல் எழுந்து, அந்த வேலை நின்றது. 1985இல் மலாயா இயற்கைக் கழகத்தார் அக்காட்டுக்குள் ஆய்வுப் பயணம் மேற்கொண்டு அதன் பெருமையை உலகறியச் செய்தனர். கோடரியிடமிருந்து இவ்வாறு மீட்கப்பட்ட காட்டின் ஓடைக்கரையில், கடையில் கட்டிக் கொடுத்த வெள்ளைப் பெட்டி கிடக்குமானால், அதை வீசியவனை மட்டும் திட்டிவிட்டுக் கடைக்காரர் கை கழுவ முடியுமா? பெட்டி அவருடைய மேசையிலிருந்துதானே புறப்பட்டது?

"என்ன செய்வது, காலம் அப்படி" என்பது அடுத்த சமாதானம். காலம் அப்படியொன்றும் நெடுங்காலமாக இருந்ததில்லை. தோட்டப்புறக் கடைகளில் அரிசியும் சீனியும் கோணிச் சாக்கிலிருந்து அளந்து கொடுக்கப்பட்டன. வாங்குபவர் கையில் துணிப்பையோ மூங்கில் கூடையோ இருந்தது. எண்ணெய்க்குப் புட்டி வீட்டிலிருந்தே வந்தது. மிளகும் மல்லியும் பழைய செய்தித்தாளில் கூம்பாகச் சுருட்டப்பட்டன. பிஸ்கட் டின் காலியானதும் மொத்த வியாபாரியிடமே திரும்பிப் போயிற்று. காப்பிக் கடையில் 'பொட்டலம்' கேட்டால், கெட்டிப் பால் டின்னின் மேல்மூடியில் நூல் கோத்து, சுடச்சுடக் காப்பியை ஊற்றிக் கொடுத்தார்கள். நாசி லெமாக் வாழையிலையில் வந்தது. அன்றைய கடைக்காரர் எவரும் சுற்றுச்சூழல் என்ற சொல்லைக் கேட்டவரல்லர். எதையும் வீணாக்கினால் நட்டம் என்று மட்டும் அறிந்திருந்தார். பழைமை அனைத்தும் பொன் என்பது இதன் பொருளன்று. ஈ மொய்த்த திறந்த சாக்கும் மண்ணெண்ணெய் வாடையேறிய அரிசியும் திரும்பி வரவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் கணக்குப் புத்திதான் திரும்ப வேண்டும்.

ஏனெனில் இன்றைய கடைக்காரர் கடன்காரரின் ஐந்து காசையும் 555 புத்தகத்தில் எழுதுகிறார். தம் கையாலேயே இலவசமாகக் கொடுப்பதை எழுதுவதில்லை. ஒரு பிளாஸ்டிக் பையின் அடக்கவிலை 5 சென் என்றே வைத்துக்கொண்டாலும், நாளொன்றுக்கு 100 பை போனால் 5 வெள்ளி, மாதத்துக்கு 150, ஆண்டுக்கு 1,800 வெள்ளி. ஒரு மகனின் பள்ளிச் செலவு! அதைச் சாக்கடைக்கும் குப்பைமேட்டுக்கும் தானம் செய்துவிட்டு, "வியாபாரம் படுத்துவிட்டது, பேரங்காடிக்காரன் விழுங்கிவிட்டான்" என்று புலம்புவதில் பயனென்ன? அந்தப் பேரங்காடிக்காரனோ பைக்கு 20 சென் வாங்கிக்கொள்கிறான். வாடிக்கையாளரும் முணுமுணுப்பின்றிக் கொடுக்கிறார்.

"பை கொடுக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்" என்ற அச்சம் மட்டும் உண்மையானது. ஒரு கடை தனியாகச் செய்தால் அதுதான் நடக்கும். வரிசையில் உள்ள பத்துக் கடைகளும் ஒரே நாளில் தொடங்கினால் போவதற்கு அடுத்த கடை ஏது? பெக்கோக் போன்ற சிற்றூரில் தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைத்துப் பழகியவர்கள். நகரத்தில் ஆயிரம் கூட்டம் போட்டும் நடவாதது இங்கே ஒரு தேநீர் வேளையில் நடக்கக்கூடும். தமிழகத்தின் நீலகிரியில் 2022இல் அரசு மதுக்கடைப் புட்டிகளுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் புட்டியைத் திருப்பித் தந்தால் அதைத் திருப்பிக் கொடுக்கும் முறை தொடங்கியது. காட்டில் உடைந்து கிடந்து யானையின் காலைக் கிழித்த புட்டிகள் கடைக்குத் திரும்பலாயின. குடிகாரர்கள் ஒரே நாளில் ஞானம் பெற்றுவிடவில்லை. பத்து ரூபாய்தான் வேலை செய்தது. உணவுக் கடைக்காரர் உறுதியான தூக்குப் பாத்திரங்கள் சிலவற்றை வாங்கி, முன்பணம் பெற்றுக் கொடுத்தனுப்புவதும் இதே வழிதான். மலைக்குக் குளிக்கச் செல்பவர் மாலையில் அதே ஊர் வழியாகத்தானே திரும்ப வேண்டும்?

பெரியவர்களை யாரும் தொடுவதில்லை என்பதும் சரியன்று. 1974இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. 1977இல் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்குக் கழிவுநீர் விதிகள் வந்தன. ஆலைக்காரர்கள் அன்று அழாத அழுகை இல்லை. ஆனால் விதி ஆண்டுக்காண்டு இறுகியபோது, ஆற்றில் விட்ட கழிவைக் குளத்தில் தேக்கி, தோட்டத்துக்கே உரமாகப் பாய்ச்சக் கற்றுக்கொண்டார்கள். பின்னாளில் அதிலிருந்து எரிவாயுவும் எடுத்தார்கள். ஆலைகள் எல்லாம் உத்தமமாகிவிட்டன என்று சொல்வதற்கில்லை. எனினும் கழிவு என்பது தவறான இடத்தில் கிடக்கும் சரக்கு என்பதை ஆலை முதலாளி கண்டுகொண்டார். ஒட்டுக்கடைக்காரர் இன்னும் காணவில்லை.

வடை, பசியப்பம் பொரித்த எண்ணெயைப் பாருங்கள். பின்கட்டுச் சாக்கடையில் ஊற்றினால் அது கொழுப்புக் கட்டியாக உறைந்து, அடுத்த பெருமழையில் தண்ணீரை அதே கடைக்குள் திருப்பிவிடுகிறது. 2023 மார்ச்சில் சிகாமட் மாவட்டம் பட்ட வெள்ளத்துயரம் அடைபட்ட சாக்கடையால் மட்டும் வந்ததன்று. ஆயினும் வெள்ளத்துக்கு வழிமறிப்பது எவருக்கும் நன்மையன்று. அதே எண்ணெயைத் தகர டின்னில் சேர்த்து வைத்தால், எரிபொருள் செய்வோர் காசு கொடுத்து வாங்குகின்றனர். மோட்டார் சைக்கிள் பட்டறையின் கறுப்பு எண்ணெயோ சட்டப்படி அட்டவணையிட்ட கழிவு. மண்ணில் ஊற்றுவது குற்றம். குளிர்பெட்டி விஷயம் இன்னும் எளிது. கதவிடுக்கில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பார்க்கலாம். தடையின்றி வந்தால் இரப்பர் விளிம்பு தேய்ந்துவிட்டது, மின்கட்டணம் இரவும் பகலும் ஒழுகுகிறது. சுவரோடு ஒட்டியிருப்பதை ஒரு சாண் நகர்த்தி, பின்புறக் கம்பியின் தூசியைத் துடைப்பதற்குத் துடைப்பம் போதும், கருத்தரங்கு வேண்டியதில்லை.

கருத்தரங்கு நடத்துவோருக்கும் ஒன்று சொல்லவேண்டும். 'மக்கும்' என்று பச்சை எழுத்தில் அச்சிட்ட பெட்டியை இரு மடங்கு விலைக்கு ஏழைக் கடைக்காரர் தலையில் கட்டுவது தொண்டன்று, வியாபாரம். அவற்றுட் பல, தனி ஆலையின் வெப்பத்தில்தான் மக்கும். ஓடையில் விழுந்தால் மற்றவற்றைப் போலவே கிடக்கும். வாழையிலை பெக்கோக்கின் கொல்லையிலேயே விளைகிறது.

ஜொகூரில் 2015 செப்டம்பர் முதல் வீட்டுக் குப்பையைப் பிரித்து வைக்கவேண்டும் என்பது விதி. வீட்டில் பிரித்து வைக்கும் அதே கை, கடையில் அட்டையையும் அழுகிய காயையும் ஒரே தொட்டியில் கொட்டுகிறது. கடை வரிசையின் பின்புறம் அட்டைக்கு ஒரு கூண்டும், பழைய எண்ணெய்க்கு ஒரு பீப்பாயும் வைத்துத் தரும்படி லாபிஸ் மாவட்ட மன்றத்தை எல்லாக் கடைக்காரரும் ஒரே மனுவில் கையெழுத்திட்டுக் கேட்கலாம். உரிமம் புதுப்பிக்கச் செல்லும்போது, அதே முகப்பில் அந்த மனுவையும் நீட்டிவிடலாம்.