எறிகயிற்றைப் பறித்தபின் எஞ்சுவது யாது?

அமெரிக்க நாட்டின் மேலைக் கரையிலுள்ள இலாசு ஏஞ்சலிசு நகரில், 'உரோடியோ' எனப்படும் காளையூர்தல், குதிரையடக்கல் விளையாட்டுகளுக்கு இறுதி குறிக்கும் முயற்சி நடந்துவருகின்றது. நகர்மன்ற உறுப்பினர் ஒருவர் 2020-இல் முன்மொழிந்ததை ஏற்று, அதற்கான சட்டவரைவை எழுதுமாறு 2023 திசம்பரில் மன்றம் தன் வழக்கறிஞரைப் பணித்தது. மின்கோல், கூர்முள், விலங்கின் விலாவிற் கட்டும் வார், எறிகயிறு ஆகியவற்றை விலக்க வேண்டுமாம். விளையாட்டையன்று, கருவிகளையே தடுக்கின்றோம் என்கின்றனர். வில்லையும் அம்பையும் பறித்துக்கொண்டு, வேட்டைக்குச் செல்லத் தடையில்லை என்பது எத்துணை நயமான புரட்டு!

இவ்விளையாட்டு யாருடையது? அதன் சொற்களே சான்று பகரும். வெள்ளையர் தமதெனப் பீற்றிக்கொள்ளும் 'உரோடியோ', சூழ்தல், வளைத்தல் எனப் பொருள்படும் 'உரோதேயார்' என்னும் இசுபானிய வினையடியிற் பிறந்தது. மேய்ச்சல் நிலத்திற் சிதறிய மாடுகளை வளைத்து ஒருங்கு சேர்த்தலே அதன் முதற்பொருள். ஆனைக் குறிக்கும் 'வாக்கா'வினின்று வந்த 'வாக்கேரோ' மாட்டுக்காரன். அவனையே ஆங்கிலர் வாயிற் குழைத்துப் 'பக்கரூ' ஆக்கினர். 'இலா இரியாத்தா' என்ற கயிறு 'இலாரியட்டு' ஆயிற்று. பிறமொழிச் சொல்லை வாங்கியவன், கொடுத்தவனை மறப்பது ஆங்கு மட்டும் நிகழ்வதன்று என்பது தமிழர்க்குச் சொல்ல வேண்டா. அந்நகரின் பெயரும் இசுபானியமே. 1781-இல் அதனை நிறுவக் குடியேறிய 44 பேருட் பாதிக்கு மேற்பட்டோர் ஆப்பிரிக்கக் குருதியுடையோர். மெக்சிக்கோவிற்கு உரியதாயிருந்த கலிபோர்னியா 1848-ஆம் ஆண்டு உடன்படிக்கையாலேயே அமெரிக்காவின் உடைமையாயிற்று.

தெக்சாசில் 1870-இற் பிறந்த பில் பிக்கெட்டு என்னும் கறுப்பினத்தார், ஓடும் குதிரையினின்று பாய்ந்து காளையின் கொம்பைப் பற்றிச் சாய்க்கும் ஆட்டத்தைப் புகழ்பெறச் செய்தவர். நிறம் கரணியமாக அவரைக் களத்திற் சேர்க்க மறுத்தவர் பலர். 1932-இல் மறைந்த அவர்க்கு உரோடியோப் புகழ்மன்றத்தில் இடங்கொடுக்க 1971 வரை அவர்க்கு மனம் வரவில்லை! அவர் பெயரால் 1984-இல் தொடங்கப்பெற்ற கறுப்பினத்தார் உரோடியோ ஊர்தோறும் சென்று நடைபெறுகின்றது. மெக்சிக்கரின் 'சர்ரெரியா'வோ 2016-இல் யுனெசுக்கோவின் பண்பாட்டுப் பட்டியலில் இடம்பெற்றது. இவ்விரு மக்களின் மரபின்மேல்தான் அந்நகர்மன்றத்தின் கை படிகின்றது.

வாயில்லா உயிரைத் துன்புறுத்த எவர்க்கும் உரிமையில்லை. மின்கோலுக்காகப் பரிந்து பேசுவார் பேசட்டும். அஃது ஒழிவதே நன்று. ஆயின் குறையைக் களைய வேறு வழி இல்லையா? ஓடும் குதிரையின் காலிற் சுருக்கிட்டு வீழ்த்துதலைக் கலிபோர்னியா 1994-இல் தடுத்தது. மெக்சிக்கக் குதிரை மறவர் அதற்கேற்பத் தம் ஆட்டத்தையே மாற்றிக்கொண்டனர். சுருக்கு விழுந்ததும் கயிற்றைத் தளர்த்திக் குதிரையை ஓடவிட்டனர். குதிரையும் பிழைத்தது, கலையும் பிழைத்தது. விலாவார் புண்படுத்தும் என்பாராயின், அதனை எதனாற் செய்தல் வேண்டும், எத்துணை இறுக்கலாம் என வரையறுத்தல் ஆகாதோ? கொல்களத்து இறைச்சியைத் தெருத்தோறும் விற்கவிட்டு, களமிறங்கும் காளைக்கு மட்டும் கண்ணீர் உகுப்பது என்ன இரக்கமோ!

இவ்வழக்கு தமிழர்க்குப் புதிதன்று. ஏறுதழுவலை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடு 2009-இற் சட்டம் இயற்றியிருந்தும், 2014 மே 7-இல் இந்திய உச்ச முறைமன்றம் அதனை வீழ்த்தி ஆட்டத்தையே தடுத்தது. 2017 சனவரியிற் சென்னைக் கடற்கரையில் இளைஞர் திரண்டபின்னரே புதுச்சட்டம் பிறந்தது. 2023 மே 18-இல் அம்மன்றமே அதனைச் செல்லுமென்றது. ஏறுதழுவலும் உரோடியோவும் ஒன்றல்ல. ஈண்டுச் சேணமும் இல்லை, காளைமேல் ஏறி ஊர்வாரும் இல்லை. திமிலைத் தழுவுதலே ஆட்டம். எனினும், மாடு வளர்ப்பாரைக் கேளாமல் மாட்டைப் பற்றி முடிவெடுக்கும் செருக்கு ஈரிடத்தும் ஒன்றே.

இலாசு ஏஞ்சலிசு மன்றத்தார் மெக்சிக்கக் குதிரை மறவரையும் கறுப்பின ஊர்வோரையும் விலங்கு மருத்துவரையும் ஓரவையில் இருத்திக் கேட்டல் வேண்டும். அவ்வரைவினின்று எறிகயிறும் விலாவாரும் நீக்கப்பெறல் வேண்டும்.