எண்பிக்கும் பாரம் பச்சிளங் குழந்தைக்கா?

கடன் கொடுத்தேன் என்பவன் கடனை எண்பிக்க வேண்டும். காணி தனது என்பவன் உறுதியைக் காட்ட வேண்டும். உரிமை பேசுபவனே அதனை எண்பிக்கக் கடமைப்பட்டவன் என்பது நீதிமன்றங்களின் பழைய விதி. ஆனால், குழந்தையின் பாலிலே கலக்கும் பொருளைத் தீங்கற்றதென்று சொல்லி விற்பவன் மட்டும் எதனையும் எண்பிக்க வேண்டியதில்லையாம்! அது தீங்கானது என்பதைக் குழந்தையே தன் உயிரைக் கொடுத்து எண்பிக்க வேண்டுமாம்! இந்த அநீதியைப் பற்றியே நாம் இன்று எழுதுகின்றோம்.

குறைமாதத்திற் பிறந்த குழந்தைகள், மூளை முடக்குவாதம் உற்ற குழந்தைகள், அண்ணம் பிளவுபட்ட குழந்தைகள் ஆகியோருட் பலருக்குப் பால் விழுங்குவதே பெரும்பாடு. உணவுக்குழாயிற் செல்ல வேண்டிய பால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடுகிறது. சில குழந்தைகள் இருமுவதுமில்லை. ஓசையின்றியே நுரையீரல் பழுதடைகிறது. பாலைத் தடிப்பாக்கினால் அது மெல்ல ஓடும்; மூச்சுவழி மூடிக்கொள்ள அவகாசம் கிடைக்கும். ஆகவே பாலைத் தடிப்பாக்கிக் கொடுக்குமாறு வைத்தியர்கள் கூறுவதிற் காரணம் உண்டு. அதனை நாம் மறுக்கவில்லை. எதனைக் கொண்டு தடிப்பாக்குவது, அதனை யார் சோதித்தார் என்பதே நமது கேள்வி.

ஐக்கிய அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். சாந்தன் பிசினாற் செய்யப்பட்ட ‘சிம்பிளி திக்’ என்னும் பொருள், விழுங்க இயலாதோருக்கென அங்கு விற்கப்பட்டது. குறைமாதக் குழந்தைகளின் பாலிலும் அது கலக்கப்பட்டது. 37 வாரம் நிறையுமுன் பிறந்த குழந்தைகளுக்கு அதனைக் கொடுக்க வேண்டாமென்று அந்நாட்டு உணவு மருந்து நிருவாகம் 2011 மே மாதத்தில் எச்சரித்தது. 2012 செப்டெம்பரில், எந்த வயதுக் குழந்தைக்கும் அதனால் ஆபத்து நேரலாம் என்று எச்சரிக்கையை விரிவாக்கியது. அதற்குள் 22 குழந்தைகள் குடல் அழற்சியுற்று இழையம் இறந்துபோகும் கொடிய நோய்க்கு ஆளாகியிருந்தனர். 14 குழந்தைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்ய நேர்ந்தது. 7 குழந்தைகள் மாண்டனர்.

முன்கூட்டியே சோதிக்காதது ஏன்? சட்டம் அதனை உணவென்று அழைத்தது, அதுதான் காரணம். சாந்தன் பிசின் உணவிற் சேர்ப்பதற்கு 1969ஆம் ஆண்டிலேயே அங்கு அனுமதி பெற்ற பொருள். வளர்ந்தவர் உண்ணும் குழம்பிலும் பனிக்கூழிலும் அது தீங்கு செய்யாதிருக்கலாம். அதனாலேயே, முதிராத குடலுடைய சிசுவுக்கு நாளெல்லாம், பால் வேளைதோறும் அதனை ஊட்டலாம் என்றாகிவிடுமா? புதிய பூச்சிகொல்லியை ஒரு பாத்தியில் தெளித்துப் பார்த்த பின்னரே தோட்டம் முழுவதற்கும் தெளிப்பான் நமது கமக்காரன். மிளகாய்க் கன்றுக்குக் காட்டும் அந்த எச்சரிக்கையைக் குழந்தைக்குக் காட்டலாகாதா?

“அப்பொருள்தான் காரணமென்று முற்றாக எண்பிக்கப்படவில்லையே!” என்பார் உளர். உண்மைதான், அந்த நிருவாகமும் அவ்வாறு அறுதியிட்டுக் கூறவில்லை. ஆனால், அந்த ஐயத்தின் பயன் யாரைச் சேரவேண்டும்? எதிரிக்கூண்டில் நிற்கும் மனிதனுக்கு நாம் அதனை வழங்குகிறோம். விற்பனைப் பொருளுக்கும் வழங்குவதா? தொட்டிலிற் கிடக்கும் குழந்தைக்கன்றோ அது உரியது!

“அப்படியானால் அரிசிமாவைக் கரைத்து ஊட்டுவோம்” என்று அடுப்படிக்குத் திரும்புவதும் விடையாகாது. தாய்ப்பாலிலுள்ள நொதியம் மாப்பொருளைச் சிதைத்துவிடும்; தடிப்பாக்கிய பால் மீண்டும் நீர்த்துப்போகும். அரிசியிலுள்ள ஆசனிக்கு நஞ்சும் சிறு விடயமன்று. குழந்தைகளுக்கான அரிசிமா உணவில் அது ஒரு கிலோகிராமுக்கு 100 மைக்குரோகிராமைத் தாண்டலாகாதென்று அமெரிக்க நிருவாகம் 2020இல் வரையறுத்தது. ஆகவே, ஊட்டும் நிலையை மாற்றுதல், மெல்லப் பால் விடும் முலைக்காம்பைப் பயன்படுத்துதல், இடையிடையே நிறுத்தி ஊட்டுதல் ஆகியவற்றை முதலில் ஆராய்ந்த பின்னரே தடிப்பாக்குவதை எண்ண வேண்டும். அதுவும் வைத்தியரின் கண்காணிப்பிலேயே நடைபெற வேண்டும்.

கடலுக்கப்பால் நடந்தது நமக்கென்ன என்று கேட்கவேண்டாம். குடலுக்கு நாட்டெல்லை இல்லை. நமது நாட்டில் உணவுக்கு 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்கச் சட்டம் உண்டு. மருந்துக்கு 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் உண்டு. பின்னைய சட்டம், உணவென்றோ மருந்தென்றோ எளிதில் வகுக்கவியலாத எல்லைநிலைப் பொருள்களுக்கும் இடம் வகுத்திருக்கிறது. சட்டத்திலே கதவு இருக்கிறது. திறப்பதற்கு மனம் வேண்டும்.

நாம் கேட்பவை மூன்று. ஒன்று: குழந்தைகளுக்கெனப் பரிந்துரைக்கப்படும் தடிப்பாக்கி எதுவாயினும் 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஆராயப்பட வேண்டும், தீங்கற்றதென்று எண்பிக்கும் பாரம் விற்பவனையே சாரவேண்டும். இரண்டு: எந்த வயதுக் குழந்தைக்குக் கொடுக்கலாகாது என்பது பொதியின் முகப்பிலே தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்பட வேண்டும். மூன்று: “சற்றுத் தடிப்பாகக் கரையுங்கள்” என்ற வாய்வார்த்தை போதாது. 10 மில்லிலீற்றர் ஊசிக்குழாயில் நிரப்பிய பால் 10 விநாடி ஓடிய பின் எவ்வளவு எஞ்சுகிறது என்று பார்க்கும் எளிய அனைத்துலகச் சோதனை உண்டு. அந்த அளவைத் தாயின் மொழியில் எழுதி, அவள் கையிற் கொடுக்க வேண்டும். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழி ஆக்கியது. அந்த உரிமை அரசமைப்பின் ஏட்டில் மட்டும் உறங்கலாகாது. கிளிநொச்சித் தாயின் கையிலுள்ள துண்டுச் சீட்டிலும் அது விழித்திருக்க வேண்டும்.

பேச வாயில்லாத கட்சிக்காரருக்காக வாதாடுவதே வழக்குரைக்கும் தொழிலின் தலையாய கடமை. விழுங்கவும் இயலாத இந்தக் கட்சிக்காரருக்காக நாம் வாதாடாவிட்டால், வேறு யார் வாதாடுவார்?