முக்கியமான விஷயம் கடைசி வரியிலா? - கொலம்பியா விபத்து அலுவலக மெயிலுக்குச் சொல்லும் பாடம்

"மெயில் போட்டேனே சார், பார்க்கலையா?"

"பார்த்தேனே... அதுல அப்படி ஒண்ணும் இல்லையே!"

அலுவலகங்களில் அடிக்கடி கேட்கும் உரையாடல் இது. இருவருமே பொய் சொல்லவில்லை. விஷயம் மெயிலில் இருந்தது. ஆனால் நான்கு பத்திகளுக்குக் கீழே, யாரும் எட்டிப் பார்க்காத இடத்தில் இருந்தது.

நல்ல இங்கிலீஷ் இருந்தால் நல்ல மெயில் எழுதிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அலுவலக எழுத்தில் மொழியைவிடப் பெரிய சிக்கல், எதை முதலில் சொல்வது என்பதுதான். இதற்கு நாசாவின் ஒரு ஸ்லைடைவிடக் கசப்பான உதாரணம் இருக்க முடியாது.

640 மடங்கு வித்தியாசம்

2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்வெளி ஓடம் புறப்பட்டது. சுமார் 82 விநாடிகளில், எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத் துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியது. ஓடம் பூமியைச் சுற்றிக்கொண்டிருந்தபோதே பொறியாளர்கள் பாதிப்பை ஆராய்ந்து, ஸ்லைடுகள் மூலம் நாசா அதிகாரிகளுக்கு விளக்கினார்கள்.

அதில் முக்கியமான ஸ்லைடின் தலைப்பைப் படித்தால், 'பெரிதாகக் கவலைப்பட ஒன்றுமில்லை' என்ற எண்ணமே வரும். 'கணிசமான' என்று பொருள் தரும் ஆங்கிலச் சொல் அதே ஸ்லைடில் 5 முறை வந்தது. கணிசம் என்றால் எவ்வளவு? அதற்கு விடை இல்லை.

உண்மையான செய்தி அடியில், சின்ன எழுத்தில் இருந்தது. மோதிய துண்டின் கன அளவு 1,920 கன அங்குலம் என மதிப்பிடப்பட்டது. பழைய சோதனையில் பயன்படுத்திய துண்டு வெறும் 3 கன அங்குலம். அதாவது 640 மடங்கு வித்தியாசம். அந்தச் சோதனையை நம்பி இந்த மோதலை எடைபோட முடியாது என்பதுதான் இதன் அர்த்தம். தலைப்பில் இருக்க வேண்டியது அதுதான்.

பிப்ரவரி 1 அன்று பூமிக்குத் திரும்பும்போது ஓடம் சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட 7 பேரும் உயிரிழந்தனர்.

ஒரு ஸ்லைடுதான் விபத்துக்குக் காரணம் என்று சொல்ல முடியாது. இறக்கையைப் படம் எடுத்துப் பார்க்கலாம் என்ற பொறியாளர்களின் கோரிக்கையும் நிறைவேறவில்லை. ஆனாலும் அதே ஆண்டு ஆகஸ்டில் வெளியான விசாரணை அறிக்கை, அந்த ஸ்லைடைத் தனியாக எடுத்துக்காட்டி விமர்சித்தது. முழுமையான தொழில்நுட்ப அறிக்கை இருக்க வேண்டிய இடத்தில் ஸ்லைடு இருக்கும் பழக்கத்தையும் குறை சொன்னது.

அடுத்த ஆண்டு, 2004-இல், அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் தன் மூத்த நிர்வாகிகளின் கூட்டங்களில் பவர்பாயிண்டை நிறுத்தினார். அதற்குப் பதிலாக வந்தது, முழு வாக்கியங்களில் எழுதிய 6 பக்கக் குறிப்பு. கூட்டம் தொடங்கியதும் எல்லோரும் அதை அமைதியாகப் படிக்க வேண்டும். புள்ளி வைத்து எழுதும்போது 'ஆனால்', 'அதனால்' போன்ற சொற்களை எளிதில் விட்டுவிடலாம். வாக்கியமாக எழுதும்போது அப்படித் தப்பிக்க முடியாது.

நம் மெயிலில் எப்படி?

ஒரு மெயில் இப்படித் தொடங்குகிறது: "கடந்த 3 வாரங்களாக நம் குழு கடுமையாக உழைத்து வருகிறது. பெரும்பாலான பணிகள் முடிந்துவிட்டன. சில சவால்கள் உள்ளன..." டெலிவரி தள்ளிப்போகிறது என்ற செய்தி கடைசியில் வருகிறது.

அதையே இப்படியும் எழுதலாம்: "வெள்ளிக்கிழமை டெலிவரி முடியாது. அடுத்த புதன்கிழமை கொடுத்துவிடலாம். பேமென்ட் பகுதியில் 2 பிழைகள் பாக்கி. கிளையன்ட்டிடம் சொல்ல, இன்று மாலை 5 மணிக்குள் உங்கள் ஒப்புதல் தேவை."

இரண்டாவதில் அலங்காரம் எதுவும் இல்லை. என்ன ஆச்சு, ஏன், யார் எப்போது என்ன செய்யணும் என்று எல்லாம் இருக்கிறது.

எழுதும்போதே யோசிப்பதால், முடிவு கடைசியில் வந்து நிற்பது இயல்பு. அதில் தவறில்லை. எழுதி முடித்ததும் அந்தக் கடைசி வரியைத் தூக்கி மேலே வைத்தால் போதும்.

பயம்தான் காரணமா?

"மேனேஜர்கிட்ட முகத்துல அடிச்ச மாதிரி எப்படிச் சொல்றது?" என்ற தயக்கம் நியாயமானதுதான். ஆனால் மரியாதையை வார்த்தையில் காட்டலாம். அதற்காக விஷயத்தைப் புதைக்க வேண்டியதில்லை. தாமதமாகத் தெரியவரும் கெட்ட செய்தி, மேனேஜரையும் சேர்த்தே சிக்கலில் மாட்டிவிடும்.

மேனேஜர்களுக்கும் இதில் பங்கு உண்டு. கெட்ட செய்தியை முதல் வரியில் எழுதியவரிடம் ஒருமுறை எரிந்து விழுந்தால், அடுத்தமுறை அது கடைசி வரிக்குப் போய்விடும். நேராக எழுதச் சொல்லிப் பயிற்சி வகுப்பு நடத்துவதைவிட, நேராக எழுதியவருக்கு "சீக்கிரம் சொன்னது நல்லதாப் போச்சு" என்று பதில் போடுவது அதிகம் பலன் தரும்.

சென்ட் பட்டனைத் தட்டும் முன் ஒரு சின்ன சோதனை: சப்ஜெக்ட் வரியையும் முதல் வரியையும் மட்டும் படித்துவிட்டு ஒருவர் மீட்டிங்குக்கு ஓடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டதா? இல்லையென்றால், மெயில் இன்னும் ரெடி ஆகவில்லை.