ஒத்தைக் கணினியில் ஒரு 'பரவல்' தரவுத்தளம்!

கசாண்ட்ராவை ஐந்தே நிமிடத்தில் லினக்ஸ் சர்வரில் நிறுவலாம் என்று சொல்லித் தரும் புண்ணியவான்களுக்கு ஒரு பெரிய கும்பிடு. உபுண்டுவில் ரெபாசிட்டரியைச் சேர், ஆப்ட் இன்ஸ்டால் கொடு, 'நோட்டூல் ஸ்டேட்டஸ்' அடி. 'யூ.என்' என்று வந்துவிட்டதா? கதை முடிந்தது, டீ குடிக்கப் போகலாம். (யூ.என் என்றால் அப், நார்மல். ஐ.நா. சபை இல்லை!) ஓடுவது உண்மைதான். ஆனால் ஓடுவது ஒரே ஒரு கணினி. இதில் பரவல் எங்கே வந்தது?

2007ல் அமேசான் வெளியிட்ட டைனமோ கட்டுரையை எழுதியவர்களில் ஒருவர் அவினாஷ் லக்ஷ்மண். அவரும் பிரசாந்த் மாலிக்கும் பேஸ்புக்கில் உருவாக்கியதுதான் கசாண்ட்ரா. 2008ல் ஓப்பன் சோர்ஸ் ஆனது. கணினி என்றால் ஒரு நாள் சாகும், செத்தாலும் வேலை நிற்கக் கூடாது என்பதுதான் அதன் அடிப்படையே. அதை ஒத்தைக் கணினியில் போட்டு 'டிஸ்ட்ரிபியூட்டட் டேட்டாபேஸ் தெரியும்' என்று ரெஸ்யூமில் எழுதுவதை என்னவென்று சொல்ல? ஒரே சர்வர்தான் இருக்கிறதென்றால் போஸ்ட்கிரெஸ் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாமே!

சரி, மூன்று சர்வர் வாங்கியாச்சு. அப்போதும் அந்த ஐந்து நிமிடப் பாடத்திலிருந்து காப்பி அடித்த வரியில் ரெப்ளிகேஷன் ஃபேக்டர் 1 என்றே இருக்கும். அதாவது ஒவ்வொரு தகவலும் ஒரே ஓர் இடத்தில். மூன்றில் எது விழுந்தாலும் மூன்றில் ஒரு பங்கு தகவல் காணோம். ஒத்தைக் கணினியை விட இது மோசம், விழக்கூடிய இடம் மூன்றாகிவிட்டதே!

அடுத்தது கடிகாரம். இதைப் பற்றி அந்தப் பாடங்கள் வாயே திறப்பதில்லை. ஒரே தகவலுக்கு இரண்டு மதிப்புகள் வந்தால், நேர முத்திரை எதில் பிந்தியதோ அதைத்தான் கசாண்ட்ரா வைத்துக்கொள்ளும். ஒரு கணினியின் கடிகாரம் இரண்டு நிமிடம் முந்தி ஓடுகிறது என்று வையுங்கள். பத்து மணிக்கு அதில் ஒரு மாணவனின் மதிப்பெண்ணைத் தவறாக 35 என்று பதிகிறார்கள், முத்திரை 10:02. அடுத்த நிமிடமே தவறு தெரிந்து இன்னொரு கணினியிலிருந்து 85 என்று திருத்துகிறார்கள், முத்திரை 10:01. ஜெயிப்பது 35! எந்தப் பிழைச்செய்தியும் வராது. பையன் பெயில்... என்.டி.பி. போட்டு எல்லாக் கடிகாரத்தையும் ஒத்துவைப்பது சில நிமிட வேலை, அது நிறுவுதலில் சேராதாம்.

டெபியன் பொதியில் இன்னொரு கூத்து. நிறுவிய கையோடு அதுவே ஓட ஆரம்பித்து 'டெஸ்ட் கிளஸ்டர்' என்ற பெயரை வட்டில் எழுதிவிடும். பிறகு யாமல் கோப்பில் பெயரை மாற்றினால் கிளம்ப மறுக்கும். உடனே பாடம் சொல்லும் வைத்தியம், டேட்டா டைரக்டரியை மொத்தமாக அழி! காலி சர்வரில் சரிதான். ஆறு மாதம் கழித்து, தகவல் நிறைந்த சர்வர் கிளம்பாத ராத்திரியிலும் அந்தக் கை அதே கட்டளையைத்தான் தேடும்.

பூட்டு விஷயமும் அப்படியே. தொடக்க அமைப்பில் கடவுச்சொல்லே கேட்காது. முகவரியை 0.0.0.0 என்று திறந்துவிடச் சொல்கிறவர்கள் 2017 ஜனவரியை மறந்தவர்கள். பூட்டில்லாமல் கிடந்த ஆயிரக்கணக்கான மாங்கோடிபி தளங்களை அப்போது வழித்தெடுத்துவிட்டு பிட்காயின் கேட்டார்கள்.

'கற்றுக்கொள்கிறவனை ஏன் பயமுறுத்த வேண்டும்?' என்பார்கள். பயமே வேண்டாம். சிசிஎம் என்று ஒரு கருவி இருக்கிறது, ஒரே மடிக்கணினியில் மூன்று நோடு ஓட்டலாம். ஃபேக்டர் 1 வைத்துப் பத்து வரி போடுங்கள். ஒரு நோடை நிறுத்திவிட்டு எல்லா வரியையும் கேட்டால் பிழைதான் வரும். அதை எழுப்பி, ஃபேக்டரை 3 ஆக்கி, ரிப்பேர் ஓட்டி, மறுபடி நிறுத்திக் கேளுங்கள். பத்து வரியும் வரும்.